கடற்கரையில் தோணிக்கு ஓர் இடம்: பிணக்கின்றி ஒழுங்கு செய்வது எப்படி?

கடற்கரை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், எல்லோருக்கும் என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அதே மணலில் தோணியை எங்கே இழுத்து வைப்பது என்ற கேள்வி வந்ததும் அந்தப் பதில் போதாமல் போகிறது. முதலில் வந்தவர் வைத்த இடம் நாளடைவில் அவருடையதாகிவிடுகிறது. அவர் தொழிலை விட்ட பின்னரும் உடைந்த தோணி அங்கேயே கிடக்கிறது. புதிதாகத் தோணி வாங்கிய இளைஞருக்கு இடமில்லை. கரைவலை இழுப்பவருக்குப் பாடு மறிக்கப்படுகிறது. மாலையில் காற்று வாங்க வரும் குடும்பங்களுக்கு நடக்க வழியில்லை.

கிழக்குக் கரையில் இந்த நெருக்கடி கூடிக்கொண்டே வருகிறது. ஒலுவில் துறைமுகம் அமைக்கப்பட்ட பின்னர் ஒலுவில், நிந்தவூர்ப் பகுதிகளைக் கடலரிப்பு கடுமையாகத் தாக்கியது. தோணி இழுத்து வைக்கும் மணலே அங்கு குறைந்துபோனது. அறுகம்பையில் சிக்கல் வேறு வகையானது. கடல் அமைதியாக இருந்து மீன்பிடி நடக்கும் மாதங்களில்தான் அலைச்சறுக்கு விளையாட வெளிநாட்டவரும் வருகின்றனர். ஒரே மணலில் தோணியும் வேண்டும், உல்லாசப் பயணியும் வேண்டும் என்ற நிலை அங்குள்ளது.

இதற்குத் தோணிகளை அகற்றுவது தீர்வாகாது. கண்டபடி கிடக்கட்டும் என்று விடுவதும் தீர்வாகாது. பொது நிலத்தில் ஒருவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. அந்த உரிமை எழுத்தில் இருந்தால்தான் பலவீனமானவருக்கும் அது நிலைக்கும் என்பதே எமது கருத்தாகும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், கரையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையும் கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயம் என்கிறது. அந்த வலயத்தின் இயல்பை மாற்றும் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. மீன்பிடி நடவடிக்கையை அச்சட்டம் அபிவிருத்தி வேலையாகக் கொள்வதில்லை. எனவே தொழிலுக்காகத் தோணியை மணலில் ஏற்றி வைப்பது வேறு; அதற்கென்று சீமெந்துத் தளம் போட்டு வாடி கட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் செலவழித்துக் கட்டிவிட்டு, பின்னர் இடிக்கும் கட்டளை வரும்போது அழுவதில் பயனில்லை.

அடுத்து, இடத்தைக் கணக்கிடுவோம். எமது கரைகளில் அதிகம் காணப்படும் பைபர் தோணி ஏறக்குறைய 18 அடி நீளமானது. அகலம் 6 அடி என்று வைத்துக்கொள்வோம். தோணியைக் கரைக்குச் சமாந்தரமாக வைத்தால், இடைவெளி 3 அடியோடு ஒன்றுக்கு 21 அடி வேண்டும். 100 மீற்றர் கரையில் 15 தோணிகள்தான் கொள்ளும். முகப்பு கடலைப் பார்க்க வைத்தால் ஒன்றுக்கு 9 அடி போதும். அதே 100 மீற்றரில் 36 தோணிகள் கொள்ளும். பத்துத் தோணிக்கு ஒரு முறை 15 அடி அகலப் பாதை விட்டாலும் முப்பது தோணிகளுக்கு இடமுண்டு. திசையை மாற்றி வைத்தாலே இடம் இரண்டு மடங்காகிறது.

அந்தப் பாதைகள் வீணான இடமல்ல. கடலில் ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் அம்புலன்ஸ் வண்டி நெருங்குவதற்கும், மீன் பெட்டிகளை ஏற்றுவதற்கும், பொதுமக்கள் கடலுக்குப் போவதற்கும் அவைதான் வழி. கரைவலைப் பாடுள்ள இடங்களை வரைபடத்தில் முதலில் குறித்து, அவற்றை முழுதாக ஒதுக்கிவிட வேண்டும். அடம்பன் கொடி படர்ந்த மேட்டில் தோணியை ஏற்றக் கூடாது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நாம் சொல்லும் அந்தக் கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை அழித்துவிட்டுக் கடலரிப்பைப் பற்றி முறையிடுவது பொருந்தாது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் இங்கு கவனிக்கலாம். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பொதுப் பூங்காக் கரைகளில் சிறு படகுகளை மரங்களில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போவது பெரும் தொல்லையாக இருந்தது. அங்குள்ள உள்ளூராட்சி மன்றங்கள் பல, மரத்தாலோ இரும்பாலோ தட்டுகள் அமைத்து, இலக்கமிட்டு, கட்டணத்துடன் அனுமதி வழங்குகின்றன. அனுமதி பெற்ற படகில் ஒட்டுத்தாள் இருக்கும். இடம் நிரம்பினால் காத்திருப்போர் பட்டியல் உண்டு. கைவிடப்பட்ட படகுகள் அறிவித்தலுக்குப் பின் அகற்றப்படுகின்றன. அங்கு படகு பெரும்பாலும் பொழுதுபோக்கு. இங்கு அது அடுப்பெரிக்கும் தொழில். ஆகவே அந்தக் கட்டணத்தையும் கெடுபிடியையும் அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் இலக்கம், பட்டியல், அறிவித்தல் ஆகிய மூன்றையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

எமது சூழலில் இதைப் பின்வருமாறு செய்யலாம்.

ஒன்று, மீனவர் சங்கம் கரையிலுள்ள தோணிகளை எண்ணி, கடற்றொழில் திணைக்களப் பதிவிலக்கம், உரிமையாளர் பெயர், தொழிலில் உள்ளதா இல்லையா என்பவற்றைப் பதிய வேண்டும்.

இரண்டு, அரச காணி என்பதால் சங்கம் தனியே பங்கிட முடியாது. பிரதேச செயலாளர், கடற்றொழில் பரிசோதகர், கரையோரம் பேணல் திணைக்கள உத்தியோகத்தர், பிரதேச சபை ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்தி வரைபடத்துக்கு உடன்பாடு பெற வேண்டும்.

மூன்று, இலக்கங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது நல்லது. செல்வாக்குள்ளவருக்கு நல்ல இடம் என்ற பேச்சு அப்போது எழாது.

நான்கு, இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. உரிமையாளர் மரணித்தால், தோணியை என்ன செய்வது என்று முடிவெடுக்கக் குடும்பத்துக்கு ஓராண்டு அவகாசம் கொடுக்கலாம். இந்த விதி இல்லாத கரையில் முதலில் இடம் இழப்பவர் விதவைப் பெண்தான்.

ஐந்து, உடைந்த தோணிகளில் அறிவித்தல் ஒட்டி, முப்பது நாள் பொறுத்து, திணைக்களத்தின் முன்னிலையில் அகற்ற வேண்டும். மழைநீர் தேங்கிய தோணியில் ஒரு வாரம் பத்து நாளுக்குள் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். எனவே நல்ல தோணியானாலும் அடித்தக்கையைக் கழற்றி வைப்பதையோ கவிழ்த்து வைப்பதையோ விதியாக்க வேண்டும்.

எமது கரையில் தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து உள்ளன. இரு தோணிகளுக்கிடையே எழும் சண்டை இரு ஊர்களின் சண்டையாக மாற அதிக நேரம் எடுப்பதில்லை. ஆகவே எல்லையிலுள்ள கரைக்கு இரு ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து ஒரே பட்டியலைத் தயாரித்து, அதன் பிரதியை இரு ஊர்களிலும் பார்வைக்கு வைக்க வேண்டும்.

மாரி தொடங்கி, தோணிகள் எல்லாம் மேட்டுக்கு ஏறும் நேரத்தில்தான் இடத்துக்கான போட்டி உச்சமடைகிறது. அந்த நேரத்தில் பேசித் தீர்ப்பது கடினம். கடல் அமைதியாக இருக்கும்போதே ஒரு கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், எண்ணும் வேலையைத் தொடங்குமாறு மீனவர் சங்கங்களை நாம் கேட்டுக்கொள்கிறோம்.