புகையே தெரியவில்லை, பிறகு ஏன் தேறவில்லை?

பழைய பெட்ரோல் அம்பாசிடர். சைலன்சரில் துளிப் புகை தெரியாது. ஆனாலும் புகைப் பரிசோதனையில் தேறுவதில்லை. ஏன்?

கருவி தேடுவது கரும்புகையை அல்ல. நிறமற்ற கார்பன் மோனாக்சைடையும், எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பனையும் அது அளக்கிறது. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார், ஐடிலிங்கில் முறையே 3 சதவீதம், 1500 பிபிஎம் என்ற வரம்புகளுக்குள் இருக்க வேண்டும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. புதிய கார்களில் சென்சாரும் கணினியும் இந்தக் கணக்கை நொடிக்கு நொடி திருத்துகின்றன. அம்பாசிடரின் ஐடிலிங்கில் அந்தப் பொறுப்பு கார்புரேட்டரின் சின்னத் திருகு ஒன்றைச் சேர்ந்தது! பெட்ரோல் கூடினாலோ, ஏர் ஃபில்டர் அடைத்தாலோ, காற்றுப் போதாமல் கார்பன் அரைகுறையாக எரியும், மோனாக்சைடு ஏறும்.

அதனால் சிலர் திருகை முறுக்கிப் பெட்ரோலை ஒரேயடியாகக் குறைத்துவிடுகிறார்கள். இது தவறான வைத்தியம். கலவை மிக மெலிந்தால் சிலிண்டரில் தீப்பற்றாமல் போய், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறும். மோனாக்சைடு இறங்கும், ஹைட்ரோகார்பன் எகிறும்.

எனவே முதலில் ஏர் ஃபில்டர், பிளக், பாயிண்ட் இடைவெளி, டைமிங், வால்வு இடைவெளி ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். திருகு கடைசியில்தான். பரிசோதனைக்குப் போகுமுன் 20 நிமிடமாவது ஓட்டுங்கள். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.