கடனே வாங்காதவளுக்குக் கடன் கிடைக்குமா?

“ஐந்து பைசா கடனில்லாத குடும்பம்” என்று சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் சொல்லிக் கொள்வது நம் வழக்கம். பெருமைதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதே பெருமையோடு பாங்கு வாசற்படி ஏறிப் பாருங்கள். அங்கே அது ஒரு குறையாகிவிடுகிறது!

திண்டுக்கல் மாவட்டத்தில் எங்கள் தொப்பம்பட்டிப் பக்கம் வயலுக்கு அடுத்தபடி மாடுதான் வீட்டுக்கு ஆதாரம். எங்கள் தெருவில் ஓர் அக்கா இரண்டு மாடு வைத்து, இரண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். இன்னொரு கறவை பிடிக்கலாம் என்று ஒரு பாங்கில் கடன் கேட்டார். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்க பேர்ல ஒண்ணுமே இல்லீங்களே” என்றாராம். “ஒண்ணுமே இல்லீன்னா நல்லதுதானுங்களே?” என்று இவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

யார், எப்போது, எவ்வளவு வாங்கினார்கள், தவணை தவறாமல் கட்டினார்களா என்ற விவரங்களைத் திரட்டி வைக்கவே சில கம்பெனிகள் இருக்கின்றன. 2000-ல் முதலில் வந்தது சிபில். இன்று மொத்தம் நான்கு. 2005-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. 300-லிருந்து 900 வரை மதிப்பெண் போடுகிறார்கள். கடனே வாங்காதவளுக்கு மதிப்பெண் கிடையாது. பரீட்சையே எழுதாதவளுக்கு மார்க் ஏது? ஃபெயில் அல்ல, ஆனால் பாஸும் அல்ல.

சரி, அந்த அக்கா நிஜமாகவே கடன் வாங்கியதில்லையா? நன்றாகக் கேளுங்கள்! பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ், கிணற்று மோட்டார், நாத்தனார் சீர் என்று அவருடைய நாலு பவுன் செயின் எத்தனையோ தடவை அடகுக்குப் போய் வந்திருக்கிறது. பால் பணத்தில் மிச்சம் பிடித்து மீட்டதும் அவர்தான். ஆனால் வைத்தது வீட்டுக்காரர் பேரில். நகை இவருடையது, நாணயமாகக் கட்டியவர் இவர், நல்ல பெயர் மட்டும் அவருக்கு! மளிகைக் கடைக் கணக்கு, ஏலச்சீட்டு, பக்கத்து வீட்டுக் கைமாற்று இவையெல்லாம் வாய் நாணயத்தில் நடப்பவை. எந்தக் கம்ப்யூட்டருக்கும் அவை எட்டுவதில்லை.

நம் மாநிலத்துப் பெண்களின் நாணயம் முதன்முதலில் பெரிய அளவில் காகிதத்தில் ஏறியது மகளிர் சுய உதவிக் குழுக்களால்தான் என்பேன். 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. 1992-ல் குழுக்களைப் பாங்கோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு கொண்டு வந்தது. பிறகு மகளிர் திட்டம் என்று ஊர் ஊராகப் பரவியது. சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாமே நோட்டில் எழுதியாக வேண்டும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் சொத்து ஜாமீன் இல்லாமல் பாங்கு கடன் தந்தது. ஒரே ஒரு குறை, கடன் குழுவின் பேரில் இருந்தது. உறுப்பினர் வாரியாகவும் விவரம் அனுப்ப வேண்டும் என்று 2016-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. ஆகவே குழுவில் இருப்பவர்கள் ஊக்குநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “என் பேரும் விவரமும் பாங்குக்குச் சரியாகப் போயிருக்கா?” ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து என்றிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

குழுவில் இல்லாதவர்களுக்குச் சுலபமான வழி நகைக்கடன். அடுத்த முறை நகை பாங்குக்குப் போகும்போது நீங்களே கூடப் போய் உங்கள் பேரிலேயே வையுங்கள். தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். கெடு தேதிக்கு முன்பே மீட்டுவிடுங்கள். சில மாதங்களில் உங்கள் பேருக்கு எதிரே ஒரு வரி ஏறும். சேட்டுக் கடையானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும், “இது சிபிலில் பதிவாகுமா?” என்று கேட்டுக் கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் ஆவதில்லை. கணவரோடு பேசி முடிவு செய்கிற விஷயம்தான் இது, சண்டைக்கு அவசியமில்லை.

மாதா மாதம் உரிமைத்தொகை ஆயிரம் வருகிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கணக்கில் பணம் வருவது வேறு, வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டுவது வேறு.

வாரத் தவணைக்காரர்கள் திண்ணையிலேயே வந்து உட்கார்ந்து தருகிறார்களே என்று இரண்டு மூன்று இடங்களில் கை நீட்டாதீர்கள். அதுவும் பதிவாகிறது. ஒரு வாரம் தவறினால் அதுவும் பதிவாகிறது. சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாலும் அப்படியே: அவர் கட்டாவிட்டால் கெடுவது உங்கள் பேர்.

இன்னொரு நல்ல சேதி. முதன்முறையாகக் கடன் கேட்பவரை, பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி பாங்குகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் இதை நாடாளுமன்றத்திலும் தெரிவித்தது. அதற்காகக் கேட்டவுடன் எடுத்து நீட்டிவிடுவார்கள் என்று அர்த்தமில்லை. மற்றபடி விசாரிக்கத்தான் செய்வார்கள். பால் பணம் வரவாகும் பாஸ்புக், குழு நோட்டு, ஒழுங்காகக் கட்டிய கரண்டு பில் ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

உங்கள் பேரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க, அந்த நான்கு கம்பெனிகளிடமும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். கல்லூரி போகும் பிள்ளைகள் போனிலேயே எடுத்துத் தருவார்கள். மீட்ட நகைக்கடன் பாக்கி என்று நின்றாலோ, நீங்கள் வாங்காத கடன் இருந்தாலோ புகார் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து இது விதி. புகார் கொடுத்த தேதியை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.