தூரமும் நேரமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது கீழ்வகுப்பு மாணாக்கரும் அறிந்த கணக்கு. அக்கணக்கை இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் பாரிஸ் சார்ள்ஸ் டி கோல் விமான நிலையத்திற்கும் பொருத்திப் பார்ப்போமாக. புவியின் வளைவை ஒட்டி அளந்தால் இடைத்தூரம் ஏறக்குறைய 348 கிலோமீற்றர். ஜெற் விமானம் மணிக்கு 800 கிலோமீற்றர் செல்லவல்லது. ஆகவே 26 நிமிடம் போதும். நேரசூசியோ ஒன்றேகால் மணி அளவில், சிலவேளை அதனினும் கூட்டிக் காட்டும். எஞ்சிய நேரம் எங்கே போயிற்று?

விமானம் காற்றை எதிர்கொண்டே எழும், எதிர்கொண்டே இறங்கும். அப்பகுதிகளிற் பெரும்பாலும் வீசுவது மேற்கிலிருந்து வரும் காற்று. இரு நிலையங்களின் ஓடுபாதைகளும் கிழக்கு மேற்காகவே கிடக்கின்றன. பாரிஸ் இலண்டனுக்குத் தென்கிழக்கே உள்ளது. ஆதலால் விமானம் போகவேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டி மேற்கு நோக்கி எழுந்து, பின்னரே வளைந்து திரும்பும். பாரிஸை அணுகியதும் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே சென்று, மறுபடியும் மேற்கு நோக்கி இறங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கூடாது. தரையில் ஊர்ந்து செல்வதும், ஓடுபாதையின் முனையில் முறைக்காகக் காத்திருப்பதும் வேறு. தரிப்பிடத்தை விட்டு அசைவது முதல் மறு தரிப்பிடத்தில் நிற்பது வரை உள்ள அனைத்தும் நேரசூசியின் கணக்கில் அடங்கும்.

1919 ஆகஸ்ட் 25இல் இவ்விரு நகரங்களுக்கும் இடையே நாள்தோறும் பறக்கும் சேவை தொடங்கியபோது, முதல் விமானம் ஒரே ஒரு பிரயாணியுடன் ஹவுன்ஸ்லோவிலிருந்து லே பூர்ஷேக்கு இரண்டரை மணியிற் சென்றது. வேகம் அதன்பின் நான்கு மடங்குக்கு மேற் பெருகியும் நேரம் பாதியளவே குறைந்தது.

கடிகாரம் செய்யும் மயக்கம் ஒன்றும் உண்டு. பாரிஸ் நேரம் இலண்டன் நேரத்திற்கு ஒரு மணி முந்தியது. இலண்டனில் 10 மணிக்குப் புறப்பட்டவர் பாரிஸில் 12.15க்கு இறங்குவார், பாரிஸில் 10 மணிக்குப் புறப்பட்டவர் இலண்டனில் 10.15க்கே இறங்குவார். நேரசூசியில் அச்சிடப்படுவன அவ்வவ்வூர் நேரங்களே. இதனை மறந்து தொடர்விமானத்தைத் தவறவிடுவோர் பலர்.

இனி, பயணம் முடியும் கணம் எது? இவ்வினா நீதிமன்றம் வரை சென்றது. 2012இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கிலிருந்து யேர்மனியின் கொலோன்-பொன் நிலையத்திற்குச் சென்ற விமானமொன்று 14.40க்கு வரவேண்டியது. சக்கரம் நிலந்தொட்டபோது 17.38, தரிப்பிடத்தில் நின்றபோது 17.43, கதவு அதன்பின்னரே திறந்தது. மூன்று மணி தாமதித்தாலே பிரயாணிக்கு நட்டஈடு. நிலந்தொட்டதே வருகை என்றால் தாமதம் 2 மணி 58 நிமிடம். ஒரு காசும் இல்லை! ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல், ஒரு கதவேனும் திறந்து பிரயாணிகள் வெளியேற அனுமதிக்கப்படும் கணமே வருகைநேரம் எனத் தீர்ப்பளித்தது. உள்ளே அடைபட்டிருக்கும் வரை அவர்கள் தம் கருமங்களைச் சுயாதீனமாகச் செய்ய இயலாது என்பது அது கூறிய காரணம்.

நட்டஈடாக வழக்காளி கேட்ட தொகை 250 யூரோ. உரிமை பிறந்தது நேரத்தால். தொகையை வகுத்ததோ தூரம். அவ்வழக்கிற்கு ஆதாரமான 2004ஆம் ஆண்டுச் சட்டம் 1,500 கிலோமீற்றருக்கு உட்பட்ட பயணங்களுக்கு அத்தொகையையே விதித்திருந்தது. அத்தூரத்தையும் விமானம் சுற்றிய வழியால் அன்றி, புவியின் வளைவை ஒட்டியே அளக்க வேண்டும் என்றது.