ஓட்டல்களுக்கு நடுவே ஒரு கீரைத் தோட்டம்

வியட்நாமின் ஹோய் ஆனில் ஸ்கூட்டர் சுற்றுலா

வியட்நாம் நாட்டின் நடுப்பகுதியில், து போன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள பழமையான துறைமுக நகரம் ஹோய் ஆன். தா நாங் நகருக்குத் தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சீனர், ஜப்பானியர், ஐரோப்பியர் எனப் பல நாட்டு வணிகர்கள் பட்டுக்கும் பீங்கானுக்கும் இங்கு வந்து கூடினர். பிற்காலத்தில் ஆற்று முகத்துவாரம் மணலால் தூர்ந்தது. பெரிய கப்பல்கள் வர இயலாமல் வாணிபம் தா நாங்குக்குப் போய்விட்டது. அதனாலேயே இங்குள்ள பழைய கடைவீதிகள் இடிபடாமல் தப்பின. 1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2025 ஜூலை 1 முதல் குவாங் நாம் மாகாணம் தா நாங்குடன் இணைக்கப்பட்டதால், ஹோய் ஆன் இப்போது தனி நகராட்சியாக இல்லை. ஆனால் மக்கள் நாவில் அது என்றும் ஹோய் ஆன்தான்.

இங்கு வரும் உல்லாசப் பயணிகளில் பலர் ஜப்பானியப் பாலத்தையும், காகித விளக்குகள் தொங்கும் தெருக்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகின்றனர். அரை நாள் ஒதுக்கி, உள்ளூர் வழிகாட்டியுடன் ஸ்கூட்டரில் நகரைச் சுற்றி வருவோருக்கு வேறொரு காட்சி கிடைக்கிறது. இந்த நகரத்துக்குச் சோறும் கீரையும் மீனும் எங்கிருந்து வருகின்றன என்பதை அவர்கள் நேரில் பார்க்கிறார்கள்.

பின்னிருக்கைப் பயணம்

வியட்நாமில் பதிவாகியுள்ள மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களின் எண்ணிக்கை 7 கோடிக்கு மேல். வீட்டுக்கு வீடு இரு சக்கர வாகனம்தான். பன்றிக்குட்டி, நெல் மூட்டை, வாழைத்தார், பீரோ என எதுவும் அதிலேயே போகும். வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிளை அங்கே "சே ஓம்" என்பர். "கட்டிப் பிடித்துச் செல்லும் வண்டி" என்று பொருள். அந்தப் பழைய தொழிலின் வளர்ச்சியே இன்றைய ஸ்கூட்டர் சுற்றுலா எனலாம்.

50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட அந்நாட்டில் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் வேண்டும். அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்வதால் நம்மவர்களுக்குப் பழக்கம் இராது. ஆகவே வழிகாட்டி ஓட்ட, பயணி பின்னால் அமர்வதே நல்லது. ஹெல்மெட் அணிவது 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் கட்டாயம். பழைய நகர வீதிகளில் குறிப்பிட்ட நேரங்களில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. எனவே வண்டிகள் காலையிலேயே நகருக்கு வெளியே வயல் சாலைகளைப் பிடித்து விடுகின்றன.

வெள்ளத்துக்கு முன் அறுவடை

நகரின் கிழக்கு எல்லையைத் தாண்டியதும் கம் சாவ் பகுதி நெல் வயல்கள் தொடங்குகின்றன. வரப்புகளில் எருமைகள் மேய்கின்றன. வயலின் நடுவே முன்னோர்களின் கல்லறைகளும் உண்டு. உழுபவர் அவற்றைச் சுற்றி உழுவாரே தவிர, தொட மாட்டார்.

இப்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு போகம். மார்கழி, தை மாதங்களில் விதைத்துச் சித்திரையில் அறுப்பது முதல் போகம். வைகாசி வாக்கில் தொடங்கி, ஆவணி, புரட்டாசியில் அறுப்பது இரண்டாம் போகம். அதன் பிறகு வயலைச் சும்மா விட்டு விடுகின்றனர். தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழை வரும் அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் இங்கும் பெருமழை கொட்டுகிறது. மேற்கே மலையில் பெய்யும் நீர் முழுவதும் து போன் வழியாகக் குறுகிய சமவெளியில் இறங்குகிறது. 2025 அக்டோபர் இறுதியில் வந்த வெள்ளத்தில் பழைய நகரமே நீருக்குள் நின்றது. மூன்றாவது போகத்துக்கு ஆசைப்பட்டால் ஆறு வந்து அறுத்துக்கொண்டு போய்விடும் என்பதை இங்குள்ள விவசாயிகள் நன்கு அறிவார்கள். வெள்ளம் விட்டுச் செல்லும் வண்டல் அடுத்த போகத்துக்கு ஊட்டமாகிறது.

சா குவே கிராமம்

நகரிலிருந்து வடக்கே சுமார் 3 கி.மீ. சென்றால் சா குவே கிராமம். ஒரு பக்கம் தே வோங் ஆறு, மறுபக்கம் உப்பங்கழி. சற்றுத் தொலைவில் அன் பாங் கடற்கரை. ஸ்கூட்டர் கிராமத்துக்குள் நுழையும்போதே புதினாவும் துளசியும் கலந்த வாசனை எதிர்கொண்டு அழைக்கிறது. "சா" என்றால் தேயிலை, "குவே" என்றால் இலவங்கப்பட்டை. இவ்வூர்க் கீரையைச் சுவைத்த அரசர் ஒருவர் அதன் மணத்தில் மயங்கி இப்பெயரைச் சூட்டினார் என்று ஊரார் கதை சொல்கின்றனர்.

பல நூறு ஆண்டுகளாக இங்கு கீரையும் வாசனை இலைகளும்தான் பயிர். புதினா, துளசி வகைகள், கொத்தமல்லி, வெங்காயத்தாள், லெட்யூஸ், கடுகுக்கீரை, ஊதா நிற பெரில்லா, மீன் வாடை வீசும் ஓர் இலை என இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் பயிராகின்றன. பெரும்பாலானவை ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பறிப்புக்கு வந்து விடும். ஒரு பாத்தி பறிப்பில் இருக்க, அடுத்த பாத்தி நாற்றாகவும் அதற்கடுத்தது விதைப்பிலும் இருக்கும். ஆகவே தினமும் சந்தைக்கு ஏதேனும் சரக்கு உண்டு.

நிலமோ மணற்பாங்கானது. ஊற்றிய நீர் உடனே கீழே இறங்கி விடும். இந்த மணலைத் தோட்ட மண்ணாக்கியது உப்பங்கழியில் வளரும் நீர்ப்பாசிதான். பாசியை வாரிக் கரையேற்றி, நீர் வடியவிட்டு, பாத்தியின் அடியில் பரப்பி மேலே மண் மூடுகின்றனர். பாசி மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பின்னர் மக்கி உரமாகிறது. இந்த மண்ணில் வளர்வதால்தான் தங்கள் கீரைக்குத் தனி மணம் என்கின்றனர் கிராமத்தார்.

நீர் பாய்ச்சும் முறையும் பார்க்கத் தக்கது. காவடித் தடியின் இரு முனைகளிலும் இரண்டு பூவாளிகள். தோளில் தடியை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் சாய்த்தபடி பாத்திகளுக்கு நடுவே நடந்து போனால், இருபுறமும் மழைபோல் நீர் தெளிக்கும். இப்போது பம்பும் ரப்பர்க் குழாயும் வந்துவிட்டாலும் பூவாளி மறையவில்லை. ஸ்கூட்டரில் வந்த பயணி ஆசையோடு அதைத் தூக்கிப் பார்த்து, பத்தடி நடப்பதற்குள் தோள்வலி என்று இறக்கி வைப்பது அன்றாட வேடிக்கை.

22 சென்ட் கணக்கு

இக்கிராமத்தில் கீரை பயிராகும் பரப்பு சுமார் 18 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 45 ஏக்கர். பயிரிடும் குடும்பங்கள் சுமார் 200. சராசரி பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு 22 சென்ட்தான் வரும். கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நிலம் இது. சுற்றிலும் ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் எழும்பி நிற்கின்றன. கீரை விற்ற காசையும் நிலத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட யாருக்கும் தோன்றும். வீட்டுப் பிள்ளைகளுக்கோ ஓட்டல் வேலை கைக்கெட்டும் தூரத்தில் காத்திருக்கிறது.

அப்படியிருந்தும் தோட்டம் நிற்கிறது. காரணம், அந்த 22 சென்ட் இரண்டு வழியில் காசு கொடுக்கிறது. கீரை, ஹோய் ஆன், தா நாங் சந்தைகளுக்கும் உணவகங்களுக்கும் "சா குவே கீரை" என்ற பெயரோடு போகிறது. ஹோய் ஆனின் புகழ்பெற்ற "காவ் லாவ்" நூடுல்ஸும், அரிசி மாவில் மஞ்சள்தூள் கலந்து, இறால் வைத்துச் சுடும் "பான் செயோ" என்னும் தோசையும் இந்த வாசனை இலைகள் இல்லாமல் நிறைவு பெறாது.

இரண்டாவது வழி, தேடி வரும் பயணி. அவர் பனையோலைத் தொப்பி அணிந்து, பாசி இட்டு, மண் கொத்தி, நாற்று நட்டு, நீர் தெளிக்கிறார். பிறகு தாமே பறித்த இலைகளைக் கொண்டு பான் செயோ சுட்டுச் சாப்பிடுகிறார். மூலிகை இலை போட்ட வெந்நீரில் கால் ஊறவைத்துக் களைப்பாறுகிறார். இதற்கெல்லாம் அவர் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு தோட்டக்காரருக்கு வருகிறது. இவ்வூர்க் கீரைச் சாகுபடி 2022-ல் வியட்நாமின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2024-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு சா குவேயைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தது.

ஆயினும் ஒரு பாடத்தை இவ்வூர் மறக்கவில்லை. கொரோனா காரணமாக 2020 மார்ச்சில் நாட்டின் வாசல் அடைக்கப்பட்டது. 2022 மார்ச் 15-ல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்கு முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் பயணியை மட்டும் நம்பியிருந்தவர் கை கட்டி உட்கார வேண்டியதாயிற்று. பாத்தி வைத்திருந்தவருக்குச் சந்தைக்குக் கொண்டு போகக் கீரையாவது இருந்தது.

நீர்த்தென்னைக் காடு

கீரைத் தோட்டத்திலிருந்து ஸ்கூட்டர் தென்கிழக்கே திரும்பி, ஆறுகள் சந்திக்கும் கம் தான் பகுதிக்கு வருகிறது. இங்கே கழிமுகச் சேற்றில் அடர்ந்து நிற்பது "நீர்த்தென்னை" என்று அவர்கள் அழைக்கும் நிப்பா பனை. இதற்கு நிமிர்ந்த மரம் கிடையாது. சேற்றுக்குள் தண்டு படர, மட்டைகள் மட்டும் நேரே நீருக்கு மேல் எழும். நம் நாட்டில் சுந்தரவனத்திலும் அந்தமான், நிக்கோபார் தீவுகளிலும் இது வளர்கிறது.

வியட்நாமின் தென்பகுதியிலிருந்து கொண்டுவந்து நட்டது இது என்கின்றனர். காட்டின் பெயர் "பை மௌ", அதாவது ஏழு மௌ. மௌ என்பது அவர்களின் நில அளவு. நடு வியட்நாமில் ஒரு மௌ ஏறத்தாழ அரை ஹெக்டேர். மூன்றரை ஹெக்டேர் அளவுக்குப் பெயர் வாங்கிய காடு இன்று பன்மடங்கு பரந்து கிடக்கிறது. ஓலை கூரை வேய உதவுகிறது. வேர் கரை மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. இறாலும் நண்டும் குஞ்சு பொரித்து வளர இதுவே இடம். போர்க் காலத்தில் போராளிகள் மறைந்திருந்த இடமும் இதுதான்.

காட்டுக்குள் செல்ல வட்டமான கூடைப் படகு. நம் பரிசலைப் போன்றது. மூங்கிலைப் பின்னி, சாணமும் மரப் பிசினும் பூசிச் செய்கின்றனர். பிரெஞ்சுக்காரர் படகுக்கு வரி போட்டபோது, "இது படகல்ல, கூடை" என்று சொல்லித் தப்புவதற்காக மீனவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்பது ஊர்க் கதை. இன்று மீன் பிடிப்பதைவிடப் பயணிகளைச் சுற்றிக் காட்டுவதில் வருமானம் அதிகம். சில இடங்களில் ஒலிபெருக்கிப் பாட்டும், படகைப் பம்பரமாய்ச் சுழற்றும் வித்தையும் காட்டின் அமைதியைக் கெடுப்பதும் உண்டு. நல்ல வழிகாட்டி கூட்டம் சேருமுன் காலையிலேயே அழைத்துச் சென்று விடுவார்.

கடல் தின்ற கரை

பயணத்தின் கடைசி நிறுத்தம் குவா தாய் கடற்கரை. ஒரு காலத்தில் அகன்ற வெண்மணல் பரப்புக்குப் பெயர் போனது. 2014 முதல் கடல் அரிப்பு கடுமையாகி, மணல் பெருமளவு போய்விட்டது. மணல் மூட்டைகளும் தடுப்புச் சுவர்களும் போட்டுக் கரையைக் காத்து வருகின்றனர். ஆற்றின் மேற்பகுதியில் கட்டிய நீர்மின் அணைகள், ஆற்று மணல் அள்ளுதல், கரையோரக் கட்டடங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து கடலுக்கு வர வேண்டிய மணலைக் குறைத்துவிட்டன என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். கடலைப் பார்த்தபடி ஓட்டல் கட்டியவர்களில் சிலரின் வாசலுக்கே கடல் வந்துவிட்டது.

காலையில் பார்த்த கீரைப் பாத்தியையும் மாலையில் பார்க்கும் இந்த அரிப்பையும் பக்கத்தில் வைத்து நினைத்தால் உண்மை விளங்கும். பாசி தரும் கழியையும், சேற்றைப் பிடிக்கும் நீர்த்தென்னையையும், வண்டல் தரும் ஆற்றையும் விட்டு வைத்த இடத்தில் பிழைப்பு தொடர்கிறது. ஆற்றின் மணலைத் தடுத்த பின், கரையைக் காக்கப் பணத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

செல்வோர் கவனத்துக்கு

மாசி முதல் ஆடி வரை பயணத்துக்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ள அபாயம் உண்டு. கோடையில் வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் காலை 7 மணிக்குள் கிளம்புவது நலம். கீரைத் தோட்டத்தில் வரப்பில் மட்டுமே நடக்க வேண்டும். பாத்தி என்பது பயணிக்குப் படம் எடுக்கும் இடம், தோட்டக்காரருக்கு அடுத்த வாரச் சோறு.

வெள்ளம் வந்தால் சா குவேயில் பாத்திகள் அழுகிப் போகும். நீர் வடிந்ததும் மறுபடி மண் கொத்தி, பாசி இட்டு, சந்திர ஆண்டுப் பிறப்புச் சந்தைக்குக் கீரை தயார் செய்கின்றனர். அந்த ஆண்டின் முதல் மாதம் ஏழாம் நாள் ஊர்கூடி நல்ல விளைச்சல் வேண்டி விழா எடுக்கின்றனர். நிலம் 22 சென்ட்தான். ஆனால் அதை விற்காமல் வைத்திருப்பதால்தான் ஸ்கூட்டர்கள் இன்னும் அந்தக் கிராமத்தைத் தேடி வருகின்றன.