மலைவாழையும் முடிக்கொத்து நோயும்

பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்ப்புறங்களில், காப்பிச் செடிகளினிடையே விளைவது விருப்பாட்சி வாழை. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பேர்போன இப்பழத்திற்கு 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிட்டியது. ஆயின் முடிக்கொத்து நோயினால் இதன் சாகுபடி அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே பெரிதும் சுருங்கிவிட்டது. நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அதன் காரணத்தை அறிய, வாழையின் உடலமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

செங்கற்களால் சுவர் அமைவதுபோல், கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் வாழை அமைந்துள்ளது. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. கிடங்குக் காவலன்போல், அது வேண்டுவதை உள்ளே விட்டு வேண்டாததைத் தடுக்கும். உள்ளே வேலை செய்பவை நொதிகள் என்னும் பொருள்கள். காயிலுள்ள மாவு பழுக்கும்போது சர்க்கரையாக மாறுவது இவற்றாலேயே.

இலையில் உண்டாகும் சர்க்கரை, நுண்ணிய உணவுக் குழாய்கள் வழியே தாருக்கும் வேருக்கும் கிழங்குக்கும் செல்கிறது. கிழங்கின் மொட்டிலுள்ள உயிரணுக்கள் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகிப் பக்கக்கன்று ஆகின்றன. விதையிலிருந்து தோன்றாமையால் கன்று தாயின் மறு உருவே.

முடிக்கொத்து நோயை உண்டாக்கும் வைரஸ் மேற்கூறிய உணவுக் குழாய்களிலேயே குடியிருப்பது. வாழை அசுவினி நோயுற்ற மரத்தின் சாற்றை உறிஞ்சி, அடுத்த மரத்திற்கு அதைக் கொண்டு சேர்க்கிறது. தானே பெருக வல்லமையற்ற அவ்வைரஸ், உயிரணுவின் நொதிகளையே ஏவித் தன்னைப் படியெடுத்துக் கொள்கிறது; பின் சர்க்கரையுடன் கிழங்கிற்கும் கன்றுகளுக்கும் இறங்குகிறது. உயிரணுவின் வேலையும் வைரஸின் வேலையும் இவ்வாறு ஒன்றிக் கிடப்பதால், மரத்திற்குக் கேடின்றி அதை மட்டும் அழித்தல் இயலாது. பார்வைக்கு நன்றாயிருக்கும் கன்றும் நோயைத் தாங்கியிருக்கக் கூடும்.

இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தோன்றுதல், இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாக நிற்றல் ஆகியவை இந்நோயின் குறிகள். இளமையில் நோயுற்ற மரம் பெரும்பாலும் தார் ஈனாது. இக்குறிகளைக் கண்டவுடன், முதலில் மருந்து தெளித்து அசுவினியைக் கொன்று, அதன் பின்னரே அத்தூரைக் கிழங்கும் கன்றுகளும் எஞ்சாமல் தோண்டி அழித்தல் வேண்டும். முறை மாறினால் அசுவினிகள் அயல் மரங்களை நாடும்.

நடுவதற்கு, பரிசோதனையில் வைரஸ் இல்லையெனக் கண்ட தாய்மரத்தின் குருத்து நுனியிலிருந்து வளர்த்த திசு வளர்ப்புக் கன்றுகள் ஏற்றவை. இவையும் உயிரணுப் பிரிவினாலேயே பெருக்கப்படுபவை. ஆயினும் அசுவினி வந்தால் இவற்றிற்கும் நோய் பற்றும்.

அசுவினிக்கு வரப்பும் வேலியும் தெரியா. ஒருவர் தோட்டத்தில் விட்டுவைத்த ஒரு தூர் பலர் தோட்டங்களைக் கெடுக்கும். ஆகையால் சங்க அங்கத்தினர் யாவரும் ஒரே காலத்தில் தத்தம் தோட்டங்களைப் பார்வையிட்டு நோயுற்றவற்றை அகற்றுதலே பயன் தரும்.