மேசைக் கணினிக்குப் பொருந்தும் ரேம்

செயலி வேலைசெய்யும்போது அதற்குத் தேவையான தரவுகளையும் கட்டளைகளையும் உடனுக்குடன் கொடுத்து வாங்கும் தற்காலிக நினைவகமே ரேம் எனப்படுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற நினைவுக் கலமே இதன் அடிப்படை; அதில் ஒரு டிரான்சிஸ்டரும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட்டைத் தாங்குகின்றன. தேங்கிய மின்னூட்டம் இடையறாது கசிவதால், டிடிஆர்4 என்னும் ரேம் வகையில் ஒவ்வொரு கலமும் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். மின்சாரம் நின்றதும் ரேமில் உள்ளவை அழிந்துபோவதற்கும் இக்கசிவே காரணம்.

இந்தப் புதுப்பித்தலையும், படித்தல், எழுதுதல் ஆகியவற்றையும் நடத்துவது நினைவகக் கட்டுப்படுத்தி. முன்பு தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில் இருந்த இது, 2003இல் ஏஎம்டியின் அத்லான் 64 வரிசையிலும், 2008இல் இன்டெலின் கோர் ஐ7 வரிசையிலும் செயலிக்குள்ளேயே இடம்பெற்றது. ஆகவே, ரேம் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியவை தம்மிடமுள்ள செயலியின் விவரக்குறிப்பும், தாய்ப்பலகையின் கையேடும், அதன் தயாரிப்பாளர் சோதித்து வெளியிட்டுள்ள ரேம் பட்டியலுமே ஆகும்.

அவற்றில் சரிபார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது ரேமின் தலைமுறை. டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும், டிடிஆர்4 1.2 வோல்ட்டிலும், டிடிஆர்5 1.1 வோல்ட்டிலும் இயங்குகின்றன. பின் இரண்டிலும் 288 தொடுமுனைகளே இருந்தாலும், அடிவிளிம்பிலுள்ள வெட்டு வேறு இடத்தில் அமைந்திருப்பதால் ஒன்றின் செருகுவாயில் மற்றது நுழையாது. இன்டெலின் 12ஆம் தலைமுறைச் செயலிகள் இரு வகைகளையும் ஏற்பவை என்றாலும், எதைப் பயன்படுத்தலாம் என்பதைத் தாய்ப்பலகையே தீர்மானிக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்5 பலகைகளோ டிடிஆர்5ஐ மட்டுமே ஏற்கின்றன.

அடுத்தது வேகம். டிடிஆர்4-3200 என்பதிலுள்ள எண், ஒரு நொடியில் ஒவ்வொரு தரவுத் தடத்திலும் நிகழும் பரிமாற்றங்களை மில்லியன் கணக்கில் குறிக்கிறது; சிஎல் என்பது, கேட்ட தரவு வரத் தொடங்கும்வரை கழியும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை. சிஎல்16 கொண்ட 3200க்கும், சிஎல்30 கொண்ட டிடிஆர்5-6000க்கும் இக்காத்திருப்பு 10 நானோநொடியே என்பதால், எண் பெரிதாவதால் கூடுவது தரவு பாயும் அளவே தவிர, காத்திருப்பு குறைவதில்லை. வேகம் மாறுபடும் இரு ரேம்களைச் சேர்த்தால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே இயங்கும். ஆகையால் ஒரே பெட்டியில் இணையாக விற்கப்படுபவையே நம்பகமானவை.

பொருத்துமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, நிலைமின்னூட்டம் சில்லுகளைக் கெடுக்காதிருக்க, கணினிப் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட வேண்டும். நான்கு செருகுவாய்கள் உள்ள பலகைகளில் பெரும்பாலும் செயலிப் பக்கமிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் ரேமைப் பொருத்தினால், கட்டுப்படுத்தியின் இரு சேனல்களிலும் ஒரே நேரத்தில் தரவு பாயும். ரேமின் வெட்டைச் செருகுவாயிலுள்ள மேட்டுக்கு நேராக வைத்து, இரு முனைகளையும் சமமாக அழுத்தினால் பூட்டுக்கொக்கி தானே மூடிக்கொள்ளும். டிடிஆர்5 பொருத்திய கணினி முதன்முறை இயங்கும்போது, கட்டுப்படுத்தி ரேமுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் திரை சில நிமிடங்கள் இருண்டிருக்கலாம்; அது பழுதன்று. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் வேக அமைப்பை இயக்கினால்தான், பெரும்பாலான வேக ரேம்கள் உறையில் அச்சிட்ட வேகத்தை எட்டும்.

பொருந்தாத அல்லது பழுதுள்ள ரேம் கணினியை நிறுத்தாமலேயே கோப்புகளைச் சிதைக்கக்கூடியது. எனவே, மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலைப் பிழையின்றி முழுமையாக ஓட்டிய பிறகே முக்கிய ஆவணங்களை அக்கணினியில் கையாள வேண்டும்.