விகிதமும் தொகையும்

அமெரிக்காவில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தமக்கும் தம் நண்பருக்கும் இடையே எழுந்த வழக்கொன்றைத் தீர்த்துத் தருமாறு எனக்கு மடல் விடுத்திருந்தார். வழக்கு நிலத்தைப் பற்றியதன்று, பொன்னைப் பற்றியதுமன்று, ஒரு விளையாட்டுச் சீட்டைப் பற்றியது. நெடுநாள் நட்பு அதனால் முறியும் நிலைக்கு வந்துவிட்டதென்று வாசித்தபோது எனக்கு நகைப்பு எழவில்லை.

அந்நாட்டார் பெரிதும் விரும்பும் பேஸ்போல் பந்தாட்டத்தைச் சீட்டும் கவறும் கொண்டு வீட்டிலிருந்தே ஆடும் முறையொன்று உண்டு. றிச்சட் சைற்ஸ் என்பார் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்ரர் நகரிலிருந்து 1951ஆம் ஆண்டில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 'ஆப்பா' என்பது அதன் பெயர்; நம் செவிக்குத் தந்தையை விளிப்பது போலவே ஒலிக்கும். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு சீட்டு. இரண்டு கவறுகளை உருட்டி, ஒன்றைப் பத்தாகவும் மற்றதை ஒன்றாகவும் கொண்டால் 11 முதல் 66 வரை 36 எண்கள் கிடைக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே, அடி விழுந்ததா ஆட்டமிழந்தாரா என்பதற்கு வழிகாட்டும் குறியெண் இருக்கும். மெய்யான ஆட்டப் பருவத்தில் அவர் அடித்த விகிதப்படியே அக்குறிகள் அமைக்கப்படும்.

இனி வழக்கு. 1957ஆம் ஆண்டு மில்வோக்கி பிறேவ்ஸ் அணியின் பில் புறூட்டன் காயமுற்றமையால், பொப் ஹேசில் என்பவர் கீழ்நிலை அணியொன்றிலிருந்து யூலை இறுதியில் அழைக்கப்பட்டார். 41 ஆட்டங்களில் 134 முறை துடுப்பெடுத்து 54 அடிகள் பெற்றார். ஆயிரத்துக்கு 403 என்னும் வீதம். அவ்வாண்டு தேசிய லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பரிசு பெற்ற ஹென்றி ஆரனோ, 615 முறை துடுப்பெடுத்து 322 வீதமே பெற்றார். சீட்டை மட்டும் நோக்குவார்க்கு ஆரனினும் ஹேசிலே மேம்பட்டவர். நண்பர் இம்மாற்றாட்டக்காரரைப் பருவத்தின் 154 ஆட்டங்களிலும் இறக்கிவிட்டார். "சீட்டில் உள்ளதைத்தானே ஆடுகிறேன்?" என்பது அவர் வாதம்.

வாதம் பொருந்தாது. அந்த 36 எண்களுள் விகிதம் உண்டு, தொகை இல்லை. 134 முறையளவும் நற்பேறு தொடர்ந்து வாய்த்தல் கூடும். 615 முறையளவும் அது நிலைத்தல் அரிது. எங்கோ அருகி வந்த வழக்கைப் பெருவழக்கென நாட்டி விதி வகுப்பாரை நான் அறிவேன். இளமையில் யானும் அப்பிழை செய்ததுண்டு. ஹேசில் மறு ஆண்டிலேயே 211 வீதத்துக்கு இறங்கிப் பெரிய அணிகளிலிருந்து மறைந்தார். ஆதலால், அந்நாட்டு ஆட்டக் குழுக்கள் பலவற்றில், ஒருவர் மெய்யாகத் துடுப்பெடுத்த தொகையை ஒட்டியே அவர் சீட்டுக்கு எல்லை வகுப்பர். அதுவே நேர்மையென்று எழுதினேன்.

மறுமடலில் நண்பர் வேறொரு வழி கண்டிருந்தார். 134க்கு உடன்படுவாராம், ஆனால் அவ்வளவையும் சேமித்து வைத்து, இக்கட்டான வேளைகளில் மட்டும் செலவிடுவாராம். இங்கே சற்றுத் தயங்கினேன். எண்ணிக்கை மீறப்படவில்லையே! ஹேசில் மெய்யாகவே பிற்பகுதியில்தானே வந்தார்? ஓகஸ்ட் முதலாகப் பரவலாக இறக்கின் குறையில்லை, இக்கட்டுக்கென்றே ஒளித்து வைத்தல் தகாது என்று எழுதினேன். உலகத் தொடருக்கும் நண்பர் அவரையே நம்பியிருந்தார். மெய்த் தொடரில் ஹேசில் 13 முறை துடுப்பெடுத்து இரண்டே அடிகள் பெற்றதையும் சேர்த்து அனுப்பினேன்.

இப்பொழுது இருவரும் மீண்டும் ஆடுகிறார்களாம். 134ஐ எண்ணிக் குறிக்கும் ஏடு மட்டும் என் மாணாக்கர் கையில் இருக்கிறதாம்.